ஜமைக்காவில் கஞ்சா சட்டப்படி சரிதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலத்தில் டொராண்டோவிலிருந்து ஜமைக்காவின் மான்டேகோ பே நகருக்கு விமானம் ஏறும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. புறப்படும் முன் என்னிடம் பேசுகிறவர்கள் கடற்கரையைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ கேட்பதில்லை. குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "அங்கே அது சட்டப்படி சரிதானே?" என்கிறார்கள். கேட்பவர்கள் எல்லாரும் இளைஞர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேடும் பெரியம்மாக்களும் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நேராகச் சொல்லுங்கள்: ஜமைக்காவில் கஞ்சா சட்டபூர்வமானதா?

இல்லை. மருத்துவத்துக்கும் ரஸ்தஃபாரி என்ற சமயத்தினரின் வழிபாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டபூர்வமானது. மற்றபடி, சிறு அளவில் வைத்திருந்தால் அது கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல, அவ்வளவுதான். 'குற்றமல்ல' என்பதற்கும் 'அனுமதி உண்டு' என்பதற்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. ஜமைக்காவின் கஞ்சாச் சட்டம் முழுக்க அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறது.

2015இல் மாறியது என்ன?

ஆபத்தான போதைப்பொருள் சட்டத்துக்கு அந்த ஆண்டு ஒரு திருத்தம் வந்தது. செனட் சபை அதை நிறைவேற்றிய நாள் பிப்ரவரி 6, ரெகே பாடகர் பாப் மார்லியின் பிறந்தநாள். அதே மாதம் 24ஆம் தேதி கீழவையும் நிறைவேற்ற, ஏப்ரல் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது நீதித்துறை அமைச்சராக இருந்தவர் மார்க் கோல்டிங்.

இதன்படி 2 அவுன்ஸ், அதாவது 56 கிராம் சொச்சம் வரை வைத்திருப்பவரைக் கைது செய்ய முடியாது. போலீஸ் ஒரு சீட்டு மட்டும் கொடுக்கும். அபராதம் 500 ஜமைக்கா டாலர். அமெரிக்கப் பணத்தில் மூன்று டாலர் சொச்சம். குற்றப் பதிவேட்டில் பெயர் ஏறாது. ஒரு வீட்டில் 5 செடி வரை வளர்க்கலாம். வீடு என்றால் வீடு. ஆளுக்கு ஐந்து என்று கணக்குப் போடக் கூடாது. பொது இடத்தில் புகைக்கக் கூடாது. உரிமம் இல்லாமல் விற்பதும், 2 அவுன்ஸுக்கு மேல் வைத்திருப்பதும் இன்றைக்கும் குற்றம்தான்.

மருத்துவக் கஞ்சாத் தொழிலுக்கு உரிமம் வழங்கவும் கண்காணிக்கவும் கஞ்சா உரிம ஆணையம் என்ற அமைப்பும் இதே திருத்தத்தில் பிறந்தது.

மூன்று டாலர் அபராதம்தானே, கட்டாமல் விட்டுவிட்டால்?

அங்கேதான் ஆள் மாட்டுவார். 30 நாளுக்குள் வரி அலுவலகத்தில் கட்ட வேண்டும். கட்டாதவர் நீதிமன்றம் ஏற வேண்டும். சமூக சேவை செய்யச் சொல்லலாம், அல்லது கூடுதல் அபராதம் விதிக்கலாம். எதைத் தவிர்க்க இந்தத் திருத்தம் வந்ததோ அந்தக் குற்றப் பதிவு இப்போது வந்து ஒட்டிக்கொள்ளும். 18 வயது நிரம்பாதவர் என்றால் தேசிய போதைத் தடுப்புக் குழுவின் ஆலோசனைக்கு அனுப்புவார்கள்.

'கஞ்சா' நம் ஊர்ச் சொல் அல்லவா? அங்கே எப்படிப் போனது?

நம் ஆட்களோடு போனது. 1845 மே 10ஆம் தேதி 'மெய்ட்ஸ்டோன்' என்ற கப்பல் ஓல்ட் ஹார்பர் பே கரையில் நின்றது. அதில் வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துவரப்பட்ட இந்தியர்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர்கள் ஜமைக்காவில் இறங்கினார்கள். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதிக்காரர்கள்; மதராஸ் வழியாகக் கப்பலேறியவர்களும் சிலர் இருந்தனர்.

செடியோடு சொல்லும் போயிற்று. அதனால் ஜமைக்காவின் சட்டப் புத்தகத்தில் இருக்கும் சொல்லே 'கஞ்சா'தான். புகைக் குழலுக்கு ரஸ்தஃபாரிகள் சொல்லும் 'சிலும்' என்ற பெயரும் நம் பக்கத்துச் சொல்லே. ஜமைக்காக்காரரிடம் தமிழர் ஒருவர் 'கஞ்சா' என்று சொன்னால் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. இதை நினைத்துப் பெருமைப்படுவதா, நெளிவதா என்று ஒவ்வொரு முறையும் எனக்குக் குழப்பம்.

பிறகு ஏன் இத்தனை காலம் தடை?

1913இல் பிரிட்டிஷ் ஆட்சி முதல் தடையைக் கொண்டுவந்தது. தேவாலயங்களும் மேல்தட்டினரும் பின்னால் நின்றார்கள். அன்று புகைத்தவர்கள் இந்தியக் கூலிகளும் அவர்களோடு வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களும். யார் புகைக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அந்தச் சட்டம் எழுதப்பட்டது என்பது என் கருத்து. அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பு, 1893–94இல், இதே பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் கஞ்சாவை ஆராய ஒரு பெரிய ஆணையம் அமைத்தது. மிதமான பயன்பாட்டால் பெரும் தீங்கு இல்லை, முழுத் தடை தேவையில்லை என்று அது அறிக்கை கொடுத்தது. இந்தியாவில் வரி போட்டு விற்ற சரக்கை ஜமைக்காவில் தடைசெய்தது ஒரே சாம்ராஜ்யம்.

1948இல் ஆபத்தான போதைப்பொருள் சட்டம் வந்தது. 1962இல் விடுதலை கிடைத்த பிறகும் தண்டனை குறையவில்லை. 1970களில் அமெரிக்க உதவியுடன் 'பக்கனீர்' என்ற பெயரில் தோட்ட அழிப்பு நடவடிக்கை நடந்தது. 2001இல் பேராசிரியர் பாரி செவான்ஸ் தலைமையிலான தேசிய ஆணையம், வயதுவந்தோர் தனிப்பட்ட முறையில் சிறு அளவு பயன்படுத்துவதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அறிக்கை பதினாலு ஆண்டுகள் அலமாரியில் தூங்கியது.

தூக்கத்தைக் கலைத்தவற்றில் ஒரு சாவும் உண்டு. 2014 ஆகஸ்டில் மான்டேகோ பேயில் ஒரு கஞ்சா சிகரெட்டுக்காகப் பிடிக்கப்பட்ட இளைஞர், போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார். நாடே கொதித்தது. கொலராடோவும் வாஷிங்டனும் அதற்குள் கடை திறந்து விற்கத் தொடங்கியிருந்தன. எந்த அமெரிக்காவுக்குப் பயந்து ஜமைக்கா தடையைப் பிடித்துக்கொண்டிருந்ததோ, அந்த அமெரிக்காவின் மாநிலங்களே முந்திக்கொண்டன.

ரஸ்தஃபாரிகளுக்கு மட்டும் தனிச் சலுகையா?

சலுகை என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். 1930களில் லெனர்ட் ஹவெல் போன்றவர்கள் தொடங்கிய சமயம் அது. கஞ்சா அவர்களுக்கு வழிபாட்டுப் பொருள். ஸ்லைகோவில் அருகே ஹவெல் அமைத்த 'பின்னகிள்' குடியிருப்பை 1941இலும் 1954இலும் போலீஸ் புகுந்து சூறையாடியது. 1963இல் மான்டேகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலையொட்டி ரஸ்தஃபாரிகள் கண்மூடித்தனமாகப் பிடித்து அடைக்கப்பட்டார்கள். அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல்தான்.

2015 திருத்தத்தின்படி வயதுவந்த ரஸ்தஃபாரிகள் பதிவுபெற்ற வழிபாட்டிடங்களில் புகைக்கலாம். அனுமதி பெற்ற நிலத்தில் வழிபாட்டுக்காகப் பயிரிடலாம். அவர்களுடைய விழாக்களுக்கு நீதித்துறை அமைச்சர் விலக்கு ஆணை தரலாம். அப்படி விலக்குப் பெற்று அந்த நவம்பரிலேயே நெக்ரில் கடற்கரையில் ஒரு விழா நடந்தது. ஆனால் விற்கக் கூடாது. கோயிலில் பிரசாதம் கொடுக்கலாம், கடை போடக் கூடாது என்பது போல.

மருத்துவக் கஞ்சா என்பது உண்மையிலேயே மருத்துவமா, சாக்கா?

இரண்டும் கலந்தது. உண்மையான பக்கத்தை முதலில் பார்ப்போம்.

ஜமைக்கா கிராமங்களில் கஞ்சா இலைத் தேநீர் பாட்டி வைத்தியம். வெள்ளை ரம்மில் ஊறவைத்து உடம்பில் தேய்ப்பார்கள். கஞ்சா ஊறிய ரம் குடித்துவிட்டு இரவில் கடலுக்குப் போனால் கண் நன்றாகத் தெரிகிறது என்று மீனவர்கள் சொல்லிவந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் அறிஞர் மான்லி வெஸ்ட் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. கண் மருத்துவர் ஆல்பர்ட் லாக்ஹார்ட்டுடன் சேர்ந்து பல ஆண்டு உழைத்து, கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு 'கானசால்' என்ற சொட்டு மருந்தை 1987இல் வெளியே கொண்டுவந்தார். கஞ்சாவிலிருந்து எடுத்தது, ஆனால் போதை தராது. ஆஸ்துமாவுக்கு 'ஆஸ்மாசால்' என்ற மருந்தும் அவர்கள் உருவாக்கியதே. இன்றைய மருத்துவக் கஞ்சா நிறுவனங்களுக்கு முப்பது ஆண்டு முன்பே, செடி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், கிங்ஸ்டனில் இரண்டு பேர் இதைச் செய்து முடித்திருந்தார்கள். உலகச் சந்தைக்கு அதைக் கொண்டுபோகும் வழிதான் அடைபட்டிருந்தது. ஜமைக்காவின் கஞ்சாக் கதையில் என்னை மிகவும் வருத்துவது இதுவே.

பொதுவாக, கடுமையான சில குழந்தைப் பருவ வலிப்பு நோய்கள், புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தி, தண்டுவட மரப்பு நோயின் தசை இறுக்கம் ஆகியவற்றுக்கு நல்ல சான்று உண்டு. நாட்பட்ட வலிக்கு ஓரளவு. முழங்கால் மூட்டுக்குத் தடவும் எண்ணெய்க்கு வலுவான சான்று இல்லை, பெரியம்மா மன்னிக்க வேண்டும். கிளாக்கோமாவுக்குக் கஞ்சாவைப் புகைப்பதும் பயனில்லை. கண் அழுத்தம் மூன்று நான்கு மணி நேரம்தான் குறையும், பிறகு பழையபடி ஏறிவிடும். இள வயதில் அதிகம் புகைப்பவர்களுக்கு மனநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாக்கு எங்கே என்றால், கடை வாசலில்.

அந்தக் கடைகள் எப்படி இயங்குகின்றன?

'ஹெர்ப் ஹவுஸ்' என்பது அங்கே பெயர். முதல் கடை 2018 மார்ச்சில் செயின்ட் ஆன் மாவட்டத்தின் டிராக்ஸ் ஹாலில் திறந்த காயா ஹெர்ப் ஹவுஸ். வாங்க மருத்துவரின் பரிந்துரை வேண்டும். பரிந்துரை கிடைப்பது அப்படியொன்றும் கடினமல்ல. பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டால் சீட்டு தயார். உறக்கமில்லை, பதற்றம் என்று சொல்லாத சுற்றுலாப் பயணி யார்?

தொழில் தொடங்க என்னென்ன உரிமம்?

பயிரிட, பதப்படுத்த, ஏற்றிச் செல்ல, சில்லறையில் விற்க, ஆராய்ச்சி செய்ய என ஐந்து வகை. பயிரிடுவதில் ஓர் ஏக்கர் வரை, ஐந்து ஏக்கர் வரை, அதற்கு மேல் என மூன்று படி. விண்ணப்பிப்பவர் குறைந்தது 3 ஆண்டு ஜமைக்காவில் வசித்தவராக இருக்க வேண்டும். நிறுவனம் என்றால் பெரும்பான்மை உடைமை அங்கு வசிப்போரிடம் இருக்க வேண்டும். விதையிலிருந்து விற்பனை வரை ஒவ்வொரு செடியும் கணக்கில் ஏற வேண்டும். போதை தரும் பொருளான டி.எச்.சி. 1 சதவீதத்துக்கு மேல் போகாத செடி நார்ச் சணல் கணக்கில் வரும். அதற்கு விதி வேறு. 2016இல் இடைக்கால விதிமுறைகள் வந்தன, 2017இல் முதல் உரிமங்கள் கைக்கு வந்தன.

காலம் காலமாகப் பயிரிட்டுவந்த மலைக்காட்டு விவசாயி என்ன ஆனார்?

இந்தக் கேள்வியை மிகச் சிலரே கேட்கிறார்கள். எனக்கு இதுதான் கேள்வி.

வெஸ்ட்மோர்லண்டின் ஆரஞ்ச் ஹில், செயின்ட் எலிசபெத்தின் அக்கம்பாங், செயின்ட் ஆன் மலைச்சரிவுகள் ஆகிய இடங்களில் தலைமுறையாகக் கஞ்சா விளைகிறது. மூங்கில் மறைவில், கிழங்குக்கும் வாழைக்கும் இடையே கால் ஏக்கர், அரை ஏக்கர். போலீஸ் வந்தால் அரிவாளால் வெட்டி எரித்துவிட்டுப் போகும். அடுத்த மழைக்கு மறுபடி நடுவார்கள். சிறைக்குப் போனவர்கள் உண்டு, வருமானத்தில் பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் உண்டு. ஜமைக்காக் கஞ்சாவுக்கு உலகில் இருக்கும் பெயர் எந்தக் கம்பெனியின் விளம்பரத்தாலும் வந்ததல்ல, இந்த ஆட்களால் வந்தது.

அந்த விவசாயி உரிமம் கேட்டுப் போகிறார். விண்ணப்பக் கட்டணம் தனிநபருக்கு 300 அமெரிக்க டாலர். சிறிய படிக்கே ஆண்டுக் கட்டணம் 2,000 டாலர் அளவில் வைக்கப்பட்டது. நிலப் பத்திரம் எங்கே என்பார்கள். அரசு நிலத்திலோ பங்காளி நிலத்திலோ பாடுபடுபவரிடம் பத்திரம் ஏது? உயரமான வேலி போடு, கண்காணிப்புக் கேமரா வை, காவலாள் போடு என்பார்கள். மின்கம்பமே எட்டாத மலையில் கேமராவை எதில் ஓட்டுவது? பிறகு போலீஸ் பின்னணிச் சோதனை. இந்தத் தொழிலைக் கற்ற குற்றத்துக்காகவே பதிவு ஏறியவருக்கு அது எப்படி முடியும்? சின்னக் குற்றங்களின் பதிவை அழிக்க 2014இல் ஒரு திருத்தம் வந்தது உண்மைதான். அது சிறு அளவு வைத்திருந்தவருக்கு உதவும், மூட்டை மூட்டையாக விளைவித்தவருக்கு உதவாது.

அதிகாரிகள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையில் ஜமைக்கா இருக்கிறது. மருத்துவக் கஞ்சா கள்ளச் சந்தைக்குக் கசியவில்லை என்று காட்டாவிட்டால் ஏற்றுமதிக் கதவு திறக்காது. வேலியும் கேமராவும் அதற்காகத்தான். ஆனால் கேமரா வாங்க வசதி உள்ளவரே விவசாயி என்று ஆகிவிட்டது.

அரசு சும்மா இருக்கவில்லை. ஆரஞ்ச் ஹில்லிலும் அக்கம்பாங்கிலும் 'மாற்று வளர்ச்சித் திட்டம்' என்ற பெயரில் சிறு விவசாயிகளைக் கூட்டாகச் சேர்த்துப் பதப்படுத்தும் நிறுவனங்களோடு இணைக்க முயன்றது. அக்கம்பாங் சாதாரண ஊர் அல்ல. தப்பியோடிய அடிமைகளான மரூன்கள் 1739இல் பிரிட்டிஷாருடன் ஒப்பந்தம் போட்டுத் தன்னாட்சி பெற்ற இடம். கட்டணத்தையும் நிபந்தனையையும் தளர்த்தி இடைக்காலச் சிறப்பு அனுமதி ஒன்றையும் கஞ்சா உரிம ஆணையம் கொண்டுவந்தது. எல்லாம் நல்ல எண்ணம்தான். மலையில் இருப்பவர் இன்னும் பெரும்பாலும் கணக்கில் வராத சந்தைக்கே விளைவிக்கிறார்.

அந்தச் சந்தையும் சுகமில்லை. 2020இல் புயல் பருவ மழை அடித்துக்கொண்டு போனது, பின்னாலேயே வறட்சி. 2021 தொடக்கத்தில் 'ஜமைக்காவிலேயே கஞ்சாத் தட்டுப்பாடு' என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. படித்தவர்களுக்குச் சிரிப்பு, மலையில் தண்ணீர் சுமந்தவருக்கு அல்ல.

சட்டப்படி சம்பாதித்த பணத்தை வங்கியில் போடலாமா?

போட முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஜமைக்கா வங்கிகள் டாலர் பரிவர்த்தனைக்கு அமெரிக்க வங்கிகளை நம்பியிருக்கின்றன. அமெரிக்க மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் போதைப்பொருள். கஞ்சாப் பணம் கணக்கில் ஏறினால் அமெரிக்க வங்கி உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் உள்ளூர் வங்கிகள் கதவைச் சாத்துகின்றன. உரிமம் பெற்றுத் தொழில் செய்பவர் ரொக்கத்தை எண்ணிப் பெட்டியில் வைக்கிறார். உரிமம் இல்லாதவர் முன்பும் அதைத்தான் செய்தார்.

ஏற்றுமதி நடக்கிறதா?

நடக்கிறது, கனவு கண்ட அளவில் இல்லை. 2018இல் கஞ்சா எண்ணெய் கனடாவுக்குப் போனது. ஏற்றுமதி விதிகளை முழுமையாக எழுத ஆண்டுகள் இழுத்தன. அதற்குள் கனடா தேவைக்கு மேல் விளைவித்து விலையைத் தரைமட்டமாக்கியது. கொலம்பியாவும் லெசோத்தோவும் மலிவாக விற்க வந்துவிட்டன. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. மருத்துவ மதிப்பை உலகம் ஒப்புக்கொண்டது என்பதே அதன் பொருள். சரக்கு விலை அதனால் ஏறிவிடவில்லை.

சுற்றுலாப் பயணி வாங்கலாமா?

உங்கள் நாட்டு மருத்துவர் கொடுத்த சீட்டு இருந்தாலோ, அங்கே உரிய முறையில் அனுமதி பெற்றாலோ, 2 அவுன்ஸ் வரை உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். கடற்கரையில் வந்து விற்பவரிடம் வாங்கினால் அது சட்டப்படியான கொள்முதல் அல்ல. விடுதி அறையில் புகைக்கலாமா என்பது விடுதியின் விதி. கார் ஓட்டாதீர்கள்.

மிச்சத்தைக் கொண்டுவரலாமா?

வேண்டவே வேண்டாம். ஜமைக்காவிலிருந்து அனுமதியின்றி வெளியே கொண்டுபோவதே குற்றம். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம் என்பதால் கொண்டுபோகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லை தாண்டுவது, எந்தத் திசையிலானாலும், கனடாச் சட்டத்திலும் குற்றம். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சி.பி.டி. எண்ணெய்க்கும் இதே விதி. இந்தியா வருகிறவர்களுக்கு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் காத்திருக்கிறது.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் ஊர் திரும்பிய பின் அவர்கள்மீது வழக்குப் போடலாம். ஜமைக்கா மருத்துவரின் சீட்டு சாங்கி விமான நிலையத்தில் உதவாது.

மற்ற கரீபியன் தீவுகளிலும் இதே சட்டமா?

தீவுக்குத் தீவு வேறு. ஆன்டிகுவா 2018இல் 15 கிராம் வரை விட்டுக்கொடுத்தது. செயின்ட் வின்சென்ட் அதே ஆண்டு மருத்துவக் கஞ்சாச் சட்டத்தோடு பழைய விவசாயிகளுக்குப் பொதுமன்னிப்புச் சட்டத்தையும் சேர்த்து இயற்றியது. ஜமைக்கா பார்த்துக் கற்க வேண்டிய இடம். பார்படோஸ் 2019இல் மருத்துவத்துக்கு ஒன்று, வழிபாட்டுக்கு ஒன்று என இரு சட்டம். டிரினிடாட் 2019 டிசம்பரில் 30 கிராம் வரை. ஒரு கப்பலில் நான்கு தீவு சுற்றுகிறவர் நான்கு சட்டத்தைத் தாண்டுகிறார்; கப்பலுக்கென்று தனி விதியும் இருக்கும், பெரும்பாலும் முழுத் தடை.

ஜமைக்காக் கஞ்சாத் தோட்டத்தில் முதலீடு செய்யச் சொல்லி வாட்ஸப்பில் வருகிறதே?

மேலே சொன்னதைத் திரும்பிப் பாருங்கள். பெரும்பான்மை உடைமை அங்கு வசிப்பவரிடம் இருக்க வேண்டும், வங்கி பணத்தைத் தொடாது, சரக்கு விலை விழுந்துகிடக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் இரட்டிப்பு லாபம் என்கிறவரிடம், அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள். கஞ்சா உரிம ஆணையத்திடம் அதைச் சரிபார்க்கலாம். இதுவரை என்னிடம் அந்தச் செய்தியைக் காட்டியவர்களில் ஒருவருக்கும் அந்த எண் கிடைக்கவில்லை.